நாலு மணிக் கூட்டம்

பள்ளிமுனை மீனவர் சங்கத்தில் நாலு மணிக் கூட்டம் என்றால் ஆறு மணிக்குத் தொடங்கும். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் அந்தப் பழக்கத்தால் இரண்டு தடவை இறங்குதுறை கைநழுவிப் போயிருந்தது. கட்டித்தர அரசாங்கம் தயார். நூற்றிருபது உறுப்பினர்களில் அறுபது பேர் கூட்டத்துக்கு வந்து கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்றொழில் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி பரமேஸ்வரி இரண்டு முறையும் நாலே கால் வரை பார்த்துவிட்டு, வெறுங்கதிரைகளுக்கு வணக்கம் சொல்லாத குறையாகப் போய்விட்டார். மூன்றாம் முறையும் ஆள் சேராவிட்டால் இறங்குதுறை வேறொரு கரைக்கு என்று எழுத்திலேயே அறிவித்திருந்தார்.

சங்கச் செயலாளர் டிலானிக்கு அது உயிர்ப் பிரச்சினை. அங்கே கரையோரக் கடலில் ஆழமில்லை. வள்ளத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் மீனைச் சுமந்து நடந்துதான் கரையேற வேண்டும். போன வருடம் அப்படி நடந்த அவள் கணவன் சுஜீவனின் காலில் திருக்கை குத்தி, அவன் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். இப்போது மறுபடியும் அதே தண்ணீரில்தான் நடக்கிறான். அவன் வந்து சேரும்வரை அவள் வாசலைவிட்டு நகரமாட்டாள்.

"எங்கட சனம் திருந்தாது. சோம்பேறியள்," என்றான் சுஜீவன்.

டிலானிக்குச் சுர்ரென்றது. வீட்டிலிருந்தே படித்துப் பொருளாதாரத்தில் பட்டம் எடுத்தவள் அவள்.

"இதே சனந்தானே ஆறு மணிப் பூசைக்கு அஞ்சே முக்காலுக்கே வந்து நிக்குது? பாதர் ஒருத்தருக்காகவும் காத்திருக்க மாட்டார் எண்டு தெரியும். இது சோம்பல் இல்லை. முந்திப் போனா என்ன லாபம், பிந்திப் போனா என்ன நட்டம் எண்டு எல்லாரும் மனசுக்குள்ள கணக்குப் பார்க்கினம்."

அது என்ன கணக்கு என்று அறிய, அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு மூன்றரைக்கே போய் மண்டபத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சனம் வராமல் இல்லை. ஒவ்வொருவராகச் சந்திவரை வந்தார்கள், மண்டபத்து வேம்பின் கீழே எட்டிப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். லோறன்ஸ் மட்டும் நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். ஒருவரும் மணி பார்க்கவில்லை. ஐந்தே முக்காலுக்குச் சங்கத் தலைவர் இராயப்பு சம்மாட்டியின் சிவப்பு மோட்டார் சைக்கிள் வேம்பின் கீழே வந்து நின்றது. பத்தே நிமிடத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது.

தலைவர் வராமல் கூட்டம் தொடங்காது. பிறகெதற்கு முதலே போய் வேர்த்து வடிவது? குற்றம் சொல்ல முடியாத கணக்கு.

மறுநாள் தலைவரிடமே போனாள். "மாமா, அந்தக் கந்தோர் அம்மா வாற அண்டைக்கு நீங்கள் நாலு மணிக்கே வந்தால் எல்லாரும் வந்திடுவினம்."

"நல்லாயிருக்கு பிள்ளை! தலைவர் போய் வெறுங்கதிரையளைக் காவல் காக்கிறதோ? சனம் சேரட்டும், நான் வாறன்."

அவர் கணக்கும் சரிதான். அவர் வந்தால் சனம் வரும். சனம் வந்தால் அவர் வருவார். தனித்தனியே எல்லாரும் புத்திசாலிகள், சேர்த்துப் பார்த்தால் வடிகட்டின முட்டாள்தனம். டிலானி வீதியில் நடந்தபடியே சிரித்துவிட்டாள். சனம் பார்ப்பது தலைவரையல்ல, அவருடைய மோட்டார் சைக்கிளைத்தானே!

குறித்த நாள் மூன்றரைக்கு இராயப்பு மத்தியான நித்திரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டிலானி அவர் மனைவி புஸ்பத்திடம் விஷயத்தைச் சொன்னாள். புஸ்பம் உடனே மோட்டார் சைக்கிள் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"என்ரை தம்பியும் அந்தத் தண்ணிக்குள்ளதான் நடக்கிறான். கொண்டு போ பிள்ளை. இவர் எழும்பினா நான் பார்த்துக்கொள்ளுறன்."

சத்தம் கேட்காமல் உருட்டிக்கொண்டு போய் வேம்பின் கீழே நிறுத்தினாள். லோறன்ஸ் சந்திக்கு வந்தான், பார்த்தான், இம்முறை திரும்பவில்லை. "தலைவர் வந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தான். அவன் ஓடுவதைக் கண்டு ஐந்தாறு பேர் ஓடினார்கள். பிறகு சாரைசாரையாகச் சனம். சரியாக நாலு மணிக்கு வந்த பரமேஸ்வரி வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

கையெழுத்துகள் ஏறின. டிலானியின் கையெழுத்தோடு ஐம்பத்தொன்பதில் நின்றுவிட்டது. மற்றவர்கள் கடலில்.

"ஒராள் குறையுது," என்றார் பரமேஸ்வரி. "நாலே கால் வரைக்கும் பார்க்கிறன். அதுக்குமேல என்னால ஏலாது."

டிலானி வாசலுக்கு ஓடினாள். வீதியில் ஈ காக்கை இல்லை. "தலைவர் எங்க?" என்று உள்ளே முணுமுணுப்பு எழுந்தது. ஒரே ஓராள்!

"என்ரை மோட்டச்சைக்கிளை எவனடா எடுத்தவன்?"

இராயப்பு. பெனியனும் சாரமும், ஒற்றைக் காலில் செருப்பும். கோபத்தோடு மண்டபத்துக்குள் பாய்ந்தவர், நிறைந்து கிடந்த கதிரைகளைக் கண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்கு உட்கார ஒன்றுகூட மிச்சமில்லை.

டிலானி பதிவேட்டை நீட்டிப் பேனாவை அவர் கையில் திணித்தாள். "மாமா, முதல்ல கையெழுத்து. பிறகு ஆசைதீர ஏசுங்கோ."

நின்றபடியே வைத்தார். பரமேஸ்வரி எட்டிப் பார்த்தார். "அறுபது. இறங்குதுறை உங்களுக்குத்தான்." பிறகு இராயப்புவைப் பார்த்து, "தலைவர் முந்தியே வந்திட்டாராம் எண்டு சனம் சொல்லிச்சுது," என்றார்.

இராயப்பு வெளியே வேம்பின் கீழே நின்ற தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "ஓம், நான் எப்பவும் நேரத்துக்கு வாறனான்," என்றார்.

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது, கைதட்டியது. சுஜீவன் கதிரைமேல் ஏறி நின்று விசிலடித்தான். சாரத்துக்குக் கீழே அந்தத் திருக்கைத் தழும்பு தெரிந்தது. அந்தக் கால் இனி அந்தத் தண்ணீரில் நடக்க வேண்டியதில்லை. டிலானி அத்தனை பேர் முன்னிலையிலும் வெட்கமில்லாமல் அழுதாள்.