உன் போன்

இந்த நாட்டில் என்னைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். பதினேழு வருடங்களுக்கு முன் வந்து இறங்கியபோது, என் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து என்ன என்று கேட்டார்கள். விரித்து எழுதினேன். அது என் குடும்பப் பெயராக அட்டையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து, நான் வேலைக்குத் தாமதமாகப் போனால் அப்பாதான் தாமதம். பழுது பார்த்த லிஃப்டின் கதவைச் சரியாகப் பூட்டாமல் வந்தால் சூப்பர்வைசர் கத்துவது அப்பாவைத்தான். ஒருமுறை போனில் இதைச் சொன்னேன். "ஒழுங்கா வேலை பாருடா, என் மானம் போகுது" என்று வெகுநேரம் சிரித்தார்.

வெகுநேரம் என்று எழுதிவிட்டேன். ஒரு நிமிடம் இருக்கும். எங்கள் பேச்சுகளில் அதுவே நீளமானது.

நாங்கள் பேசுவதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. ஊரில் எனக்கு ஒரு பழைய மொபைல் எண் உண்டு. வங்கி, அடையாள அட்டை, வருமான வரி, பாஸ்போர்ட் என்று அங்கே நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான எல்லா அத்தாட்சிகளும் அந்த எண்ணோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. இங்கிருந்து எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ஆறு எண்கள் கொண்ட ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் ஒரு சின்னப் பட்டன் போனில் இருந்தது. அந்தப் போன் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அவருக்குச் சொந்தமாக வேறு போன் உண்டு. இதற்கு அவர் வைத்த பெயர் "உன் போன்".

"அப்பா, வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. இரு, கண்ணாடியை மாட்டிக்கிறேன்."

"சீக்கிரம்ப்பா."

"மூணு. ஒண்ணு. எட்டு... இல்ல இரு, அதுவும் மூணுதான். பூஜ்ஜியம்..."

ஆறாவது எண் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "அப்புறம்..." என்பார். "அப்பா, டைம் முடிஞ்சிடும், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவேன். அந்த "அப்புறம்" அடுத்த ஓடிபி வரும்போதுதான் வரும்.

"கஸ்டமர் கேர்ல கூட முதல்ல வணக்கம் சொல்லுவாங்க" என்றாள் என் மனைவி ஒருநாள், துணி மடித்தபடி. "நீங்க மாமாகிட்ட நேரா நம்பர்தான் கேக்குறீங்க."

இந்த வருடம் என் பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஊர் காவல்துறையிடமிருந்து ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். பதினேழு வருடமாக நான் ஊரில் இல்லாததால் அங்கே எந்தத் தப்பும் செய்திருக்க முடியாது. ஆனாலும் செய்யவில்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஓடிபியை மூன்று முறை தவறாக அடித்தால் இருபத்துநான்கு மணிநேரம் பூட்டிக்கொள்ளும். தினம் இத்தனை பேர் என்று கணக்கு இருப்பதால் அன்றைய இடங்களும் போய்விடும்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், லிஃப்ட் மெஷின் ரூமில் இருந்தேன். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு அம்மாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். இன்டர்காமில் அவர் அழுதார். "பயப்படாதீங்க, கேபினுக்குள்ள காத்து நல்லாவே வரும். தரையில உக்காந்துக்கோங்க. நான் இங்கேயே இருக்கேன், எங்கேயும் போகலை" என்று அவர் மொழியில் சொல்லிக்கொண்டே பிரேக்கைக் கையால் தளர்த்தி, கேபினை அங்குலம் அங்குலமாக நான்காம் மாடிக்கு இறக்கினேன். இருபத்தைந்து நிமிடம். ஒரே கேள்வியை ஒன்பது முறை கேட்டார். ஒன்பது முறையும் அதே குரலில் பதில் சொன்னேன். கதவு திறந்ததும், வெளியே வருமுன் இன்டர்காமிலேயே, "உங்களுக்கு எவ்வளவு பொறுமை!" என்றார்.

பிறகு கை கழுவி, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் முறை தவறு. இரண்டாவது முறையும் தவறு. மூன்றாவது முறை, "நிதானமா பாத்துச் சொல்லுங்க" என்றேன். "ஆறு, எட்டு, எட்டு..." என்றார். அடித்தேன். திரை சிவந்து பூட்டிக்கொண்டது.

"ஆறு நம்பரைப் படிக்கக்கூட முடியாதா உங்களால? இதைத் தவிர வேற என்ன வேலை உங்களுக்கு?"

மெஷின் ரூம் சுவர்கள் வெறும் சிமெண்ட். நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது.

அப்பா, "வெளிச்சம் கம்மியா இருந்துச்சுப்பா" என்றார்.

அங்கே அப்போது மதியம் மூன்றரை மணி. கூடத்து ஜன்னலில் வெயில் நேராக வந்து விழுகிற நேரம்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு ஓடிபிக்கும் "அப்புறம்" என்பதற்கும் இடையில் அவர் வேகமாகச் சொல்லியிருந்தார். "கண்ணுல புரையாம். எடுத்துடலாம்னு டாக்டர் தேதி குடுத்தார். நான்தான் உன் பர்மிட் வேலை முடியட்டும்னுட்டேன். கட்டு போட்டுட்டா உன் நம்பரை யார் பாக்குறது?" நான் சிரித்தேன். "சரிப்பா" என்றேன். அந்த இரண்டையும் நான்தான் செய்தேன்.

எங்கள் கம்பெனியில் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். நம் ஊர்க்காரர். எப்போதும் விரல்களில் கிரீஸ் இருப்பதால் கிரீஸ் அண்ணன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எந்தக் காலத்துல இருக்கே நீ? அந்த நம்பரை அப்படியே உன் போனுக்கு மாத்திக்கலாம். சிம் கார்டே வேண்டாம். அவங்க ஆப்ல போய் ரெண்டு தட்டு தட்டணும், அவ்வளவுதான்."

"அங்க அப்பா போன்?"

"அது செத்துடும். அதுக்கென்ன, பெரியவருக்கும் ரெஸ்ட்."

பெரியவருக்கும் ரெஸ்ட். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எண்ணை மாற்றுவதற்கும் ஒரு ஓடிபி வேண்டியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தயாராக இருந்தார். வாசல் படியில் வெளிச்சத்தில் நிற்கிறேன் என்றார். பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறேன் என்றார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொன்னார். அடித்தேன். பச்சை.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா."

"பாத்தியா! முதல் தடவையே!"

"சூப்பர்ப்பா" என்றேன்.

அவர் கையாலேயே அந்தப் போனை அணைக்க வைத்தேன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் மெஷின் ரூமில் கத்தியதைப் பற்றிப் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

எண் என் கைக்கு வந்தபின் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. அன்று மாலையே விண்ணப்பம் ஏறியது. ஆறாம் நாள் சான்றிதழ் வந்தது. பர்மிட் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் ஒரு காபி வாங்கிக் குடித்தேன். தோள் இரண்டும் லேசாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு வந்து போயின. அப்பாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட ஒன்றும் இல்லை.

பதினான்காம் நாள் அக்கா கூப்பிட்டாள். அவள் அப்பா வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருக்கிறாள். அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

"என்னக்கா?"

"உன் போனைக் கெடுத்துட்டாராம்."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அதுல டவரே வரலை. முதல் நாள் ஈரத்துணியால துடைச்சாராம், அதான் தண்ணி இறங்கிடுச்சுன்னு அவரா முடிவு பண்ணிட்டார். ரெண்டு நாள் அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருந்தார். நான் சோறு வைக்கப் போனா கையில போன் வருது! அப்புறம் கடை கடையா அலைச்சல். ஒருத்தன் சிம் போச்சுங்கிறான், ஒருத்தன் செட் போச்சுங்கிறான். பழைய செட் ஒண்ணு வேற வாங்கிட்டு வந்திருக்கார். கம்பெனி ஆபீஸ்ல போய் டோக்கன் போட்டு ரெண்டு நாள் உக்காந்திருக்கார்டா. நம்பர் உங்க பையன் பேர்ல இருக்கு, அவரையே பேசச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க. இவர் உங்கிட்ட சொல்லப் பயப்படுறார்."

"பயப்படுறாரா?"

"பின்னே? 'அவன் பர்மிட் போயிடும், குடும்பத்தோட திரும்பி வரணும், எல்லாம் என்னால'ன்னு புலம்புறார். கண்ணு ஆபரேஷனுக்கு நேத்து வரச்சொன்னாங்க. போன் சரியாகாம வரமாட்டேன்னுட்டார். டாக்டர் என்னைத் திட்டுறார், இன்னும் தள்ளிப் போட்டா சிக்கலாகும்னு. நீ ஒரு வார்த்தை பேசுடா."

"நான் பாத்துக்கிறேன்க்கா."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் மனைவி எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருந்தாள். "என்ன சொல்லப் போறீங்க?"

"கம்பெனிக்காரன் தப்பு, நான் பேசிச் சரி பண்ணிட்டேன்னு..."

"அதையும் நம்புவார்" என்றாள். "உங்களுக்கு அது போதும்னா சொல்லுங்க."

எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நான் பால்கனிக்குப் போய் அப்பாவின் சொந்தப் போனுக்குக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை காலை. கீழே குப்பை வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது கூவி முடிக்கும்வரை காத்திருந்தோம்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அப்பா. குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "ஒரு தப்பு நடந்துபோச்சுப்பா. கோபப்படாம கேளு."

ஈரத்துணியில் ஆரம்பித்தார். அரிசி டப்பா, கடைகள், டோக்கன் என்று வரிசையாகச் சொன்னார். ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. நடுவில் ஒரு கடையின் பெயரை மறந்து, மறுபடி முதலிலிருந்து வந்தார். நான் அவரை நிறுத்தவில்லை. முழுதும் சொல்ல விட்டேன். என் தப்புகளுக்குள் எது பெரியது என்று யாராவது கேட்டால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்வேன். எழுபத்துநான்கு வயது மனிதர் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க, நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, போன் கெடலை."

"இல்லப்பா, டவர்..."

"நான்தான் அந்த நம்பரை இங்க மாத்திக்கிட்டேன். அதனாலதான் அங்க டவர் வரலை."

"போன் இங்கதானே இருக்கு? எப்படி மாத்தினே?"

"கடைசியா ஒரு நம்பர் படிச்சீங்களே, வாசப்படியில நின்னு. அதுக்குத்தான்."



"அது சரியாத்தானே படிச்சேன்?"

"சரியாத்தான் படிச்சீங்க."

"ஓ." பிறகு, "உன் சான்றிதழ்?"

"வந்துடுச்சுப்பா. எல்லாம் முடிஞ்சுது."

"எப்போ?"

"ஒரு வாரம் ஆகுது."

நான் மன்னிப்புக் கேட்டேன். கத்தியதற்கும் சேர்த்துக் கேட்டேன். அவர் "ம்" என்றார். எனக்குத் தெரிந்த அப்பாவாக இருந்தால் "அட விடுடா" என்றிருப்பார். அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"ஆபரேஷன் தேதி வாங்குங்கப்பா. இனிமே தள்ளிப் போட வேண்டாம்."

"அதெல்லாம் உன் அக்கா பாத்துப்பா" என்றார். கோபமில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் இருந்தது.

அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். நான் போகவில்லை. பாஸ்போர்ட் பர்மிட் அலுவலகத்தில் இருந்தது. இது உண்மை. ஆனால் பாஸ்போர்ட் என் அலமாரியில் கிடந்த நாட்களிலும் இதே காரணத்தை இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரு சாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அதனால் அக்காவிடம் சொன்னபோது என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. "சரிடா" என்றாள்.

அன்று மதியம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டேன்.

"நல்லபடியா முடிஞ்சுதுடா" என்றாள் அக்கா. "அரை மணி நேரம்தான். வீட்டுக்கு வந்துட்டோம்."

"அப்பாகிட்ட குடு."

அவள் கையால் போனை மூடுவது தெரிந்தது. துணி உரசுவதுபோல் ஒரு சத்தம். திரும்பி வந்தாள்.

"தூங்குறார்டா."

அவளுக்குப் பின்னால், அதிக தூரத்தில் இல்லை, "அந்த ஜன்னல் திரையை இழுத்து விடும்மா, கூசுது" என்றது அப்பாவின் குரல்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரிக்கா" என்றேன். "தூங்கட்டும். எழுப்பாதே."

"ம்."

"நாளைக்குக் கூப்பிடுறேன்."

"எதுக்கு?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்று.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா?" என்றாள். பிறகு, "சாயங்காலமா கூப்பிடு. முழிச்சிருந்தா கேட்டுப் பாக்குறேன்" என்றாள்.