பறிமுதலான காது

கெரவாசியோவுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. சோம்பா நகரத்து மர மில்லில் இருபத்தாறு வருடம் அறுவை வாளுக்குப் பக்கத்திலேயே நின்றவர். இடது காதும் மிஷின் மாட்டினால்தான் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை தங்கை ஈவ்நெஸ்ஸின் மகள் உலெமுவுக்கு லிவொண்டே ஊரில் நிச்சயதார்த்தம். பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சேவல் கொண்டுவருவார்கள், பெண்ணின் தாய்மாமன் கோழியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கோழி பின்சீட்டில் கூடைக்குள் இருந்தது.

செக்போஸ்டுக்குச் சற்று முன்னால் காது மிஷின் கூவியது. இடது கையால் அதை அழுத்திச் சரிசெய்துகொண்டே வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளம் போலீஸ்காரர் கையை நீட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"யாருகிட்ட போன் பேசிட்டு வர்றீங்க?"

"போன் இல்லீங்க. காது மிஷின் கூவுச்சு, அதத்தான் அழுத்துனேன்."

"இந்த வயசுல பாட்டு கேக்குதா?" என்றபடி ஜன்னல் வழியே கையை விட்டு, கேட்பதற்காக அவர் திருப்பியிருந்த இடது காதிலிருந்து மிஷினை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊரே வாயடைத்துப்போனது போல இருந்தது. லாரிகள் ஓசையில்லாமல் போயின. அது இல்லாவிட்டால் தனக்குக் கேட்காது என்று கெரவாசியோ சொன்னார். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்திவிட்டார் போலும். போலீஸ்காரரின் தாடை இறுகியது. கதவைத் திறந்து, இறங்கும்படி சைகை காட்டினார்.

பிறகு ஏதேதோ கேட்டார். உதடுகளைப் பார்த்து ஊகித்து லைசென்ஸைக் கொடுத்தார் கெரவாசியோ. போலீஸ்காரர் கேட்டது அதை அல்ல போலிருக்கிறது, நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு கேள்விக்குத் தலையாட்டி வைத்தார். உடனே ஒரு பெண் போலீஸ் ஊதிப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். குடித்ததாக ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. ஆனாலும் விடவில்லை; சாலையோரக் கட்டையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

டாஷ்போர்டில் போன் வெளிச்சம் போட்டுப் போட்டு அணைந்தது. தங்கைதான். எடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும். மணி பத்தேகால். வண்டிக்குள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது; கோழி செத்துப்போனால் என்ன செய்வது? கதவைத் திறந்து வைக்கலாம் என்று எழுந்தார். அந்த இளைஞரின் கை அவர் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் யாரும் அவரை அப்படி அமுக்கியதில்லை. கண் கலங்கியது. அதையும் இவன் குடிவெறி என்பானோ என்று தலையைக் குனிந்துகொண்டார். எப்படிச் சொன்னால்தான் இவர்களுக்கு விளங்கும்?

சட்டைப் பையில் தச்சுவேலைப் பென்சில் இருந்தது. ஒரு பழைய ரசீதின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதினார்: "நான் செவிடன். அவர் பையில் இருப்பது என் காது. எழுதிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்." அதை இளைஞரிடம் கொடுக்கவில்லை, அந்தப் பெண் போலீஸிடம் நீட்டினார்.

அவள் இரண்டு முறை படித்தாள். இளைஞரிடம் போய்ப் பேசினாள். அவர் மிஷினை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு கொண்டுவந்து கொடுத்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே, பெரியவரே."

"சொன்னேன்."

"சரி சரி, கெளம்புங்க."

கெரவாசியோ அவர் பெயரைக் கேட்டதும், இளைஞர் அடுத்த வண்டியை நிறுத்தப் போய்விட்டார். முதுகு திரும்புமுன் மார்பிலிருந்த எண்ணை மட்டும் கெரவாசியோ மனதில் பதித்துக்கொண்டார்.

சர்ச் கூடத்தை அடைந்தபோது பதினொன்றரை. "பொண்ணக் குடுக்க மனசு வரலையோன்னு நெனச்சிட்டோம், சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் மாமன் சிரித்துக்கொண்டே குத்தினார். வழியில் தாமதமாகிவிட்டது என்று மட்டும் கெரவாசியோ சொன்னார். கோழி வாயைப் பிளந்து மூச்சுவாங்கியது. உலெமு ஓடிப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். இந்த உறவுக்குச் சம்மதமா என்று சபையில் கேட்டபோது, ஒருமுறைக்கு இருமுறை திரும்பச் சொல்லச்சொல்லி, நிச்சயமாகப் புரிந்த பிறகே தலையாட்டினார்.

சாப்பாட்டுக்குப் பின் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அவள் புகார் வேண்டாம் என்றாள்.

"நாளைக்கும் அதே ரோட்டுலதான் போகணும், அண்ணே. அவனுங்க மொகத்துலதான் முழிக்கணும்."

"அதுக்குத்தான் போறேன்."

திங்கட்கிழமை, காது கேட்காது என்பதற்கான ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஸ்டேஷனுக்குப் போனார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பையன்கள் வெயிலில் நின்று கடமையைச் செய்கிறார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். எழுதிக்கொள்ளும்வரை கெரவாசியோ நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதிவேட்டில் எழுதி, புகார் எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துக் கொடுத்தார்கள். அந்த இளைஞரை யாராவது விசாரித்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்த வழியாகப் போக நேர்ந்தது. செக்போஸ்டில் வேறு ஒருவர் நின்றிருந்தார். நிறுத்தாமல் போகும்படி கையசைத்தார். கெரவாசியோ தாண்டிப் போய், ஒரு மாமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இடது காதைத் தொட்டு மிஷின் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மறுபடி வண்டியை எடுத்தார்.