சிப்பிக்குளத்தில் மூட்டிய அடுப்பு

என் தங்கை முத்துமாரி கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவி என் தூக்குவாளி மூடியில் போட்டாள். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக் கட்டிடத்துக்குள் இரும்பு எதுவும் போகக் கூடாது. உரசினால் பொறி வரும். அதனால் தினமும் காலையில் ஊசி என்னிடம் வரும், சாயங்காலம் அவள் கொண்டைக்குப் போகும்.

“அக்கா, சீசன் முடியவும் சிப்பிக்குளம் போயி ரெண்டு நா கெடப்போம். நம்ம வைப்பாத்துத் தண்ணி எங்கன போயி முடியுதுன்னு பாக்கணும்.”

அன்று பதினோரு மணிக்கு வெடித்ததில் அந்தக் கட்டிடமும் இல்லை, அவளும் இல்லை. நான் பேக்கிங் ஷெட்டில் இருந்தேன்; பிழைத்தேன்.

அதன்பின் என்னால் தீக்குச்சி கிழிக்க முடியவில்லை. லைட்டரும் அப்படித்தான். வீட்டில் நானும் மகள் பிரீத்திகாவும் மட்டும். அவள்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பிளஸ் டூ முடித்ததும், என்னைத் தனியே விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன், காலேஜே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள்.

அந்த மே மாதம் வேலுத்தாயும் யோகலட்சுமியும் என்னைச் சிப்பிக்குளத்துக்கு இழுத்துப் போனார்கள். இருவரும் எங்களோடு வேலை பார்த்தவர்கள். மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் வீட்டை ஒட்டிய ஓலைச் சாய்ப்பைக் கொடுத்தார். வாசலில் மணல், கூப்பிடு தூரத்தில் கடல். முதல் நாள் அந்த அம்மா கொடுத்த மீன்சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தோம். சாயங்காலம் ஆற்றின் முடிவைப் பார்க்கப் போனோம். கோடையில் ஆறு கடலைத் தொடவே இல்லை. மணல்மேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. முத்துமாரி பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

மறுநாள் காலை டீ போட உட்கார்ந்தபோதுதான் மூன்று பைகளிலும் தீப்பெட்டி இல்லை என்று தெரிந்தது. இருபது வருஷமாகக் கம்பெனி கேட்டில் பையைச் சோதித்துச் சோதித்து, பை கட்டும்போதே கை அதை விலக்கிவிடுகிறது.

“சிவகாசியிலெருந்து மூணு பேரு வாரீக, ஒரு குச்சிகூட இல்லாமலா?” என்று வீட்டுக்கார அம்மா மணலிலேயே உட்கார்ந்து சிரித்தார். தன் தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டு மீன் எடுக்கப் போனார். பெட்டியில் ஒட்டியிருந்த படத்திலேயே தெரிந்தது, எங்கள் சிவகாசிச் சரக்கு.

மற்ற இருவரும் கடல்பக்கம் நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். பெட்டியை வேலுத்தாயிடம் நீட்டினேன். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

“கை ஈரம் மதினி.”

யோகலட்சுமி கையும் ஈரம். இருவர் காலிலும் ஒரு சொட்டு நீர் இல்லை.

“வேணும்னே நனைச்சுட்டு வந்திருக்கீக.”

“ஆமா. ஒங்க மக காலேஜுக்குப் போகணும்ல.”

முதல் குச்சி ஒடிந்தது. அடுத்த இரண்டையும் காற்று அணைத்தது. ஒன்றரை வருஷமாக நான் பயந்து நடுங்கிய தீயைக் காற்று இவ்வளவு லேசாக அணைத்துவிட்டுப் போகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நாலாவதைக் கிழித்தேன். சருகு பிடித்தது. விறகும் பிடித்தது.

வேலுத்தாய் குலவை போட்டாள். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில் போடுவதுபோல் நீளமாக. வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோகலட்சுமி சேர்ந்துகொண்டாள். பிறகு நானும்.

அன்று மூன்று வேளையும் நான்தான் மூட்டினேன். நடுவில் ஒருமுறை, சும்மாவே அணைத்துவிட்டு மறுபடி மூட்டினேன். யோகலட்சுமி அதை வீடியோ எடுத்து பிரீத்திகாவுக்கு அனுப்பினாள். அவளிடமிருந்து, “ஹாஸ்டலுக்கு வாளி வாங்கணும்மா” என்று வந்தது.

ஜூனில் போனாள். இப்போது காலை ஐந்தரைக்கு நானே அடுப்பைப் பற்றவைத்துச் சோறாக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன். கம்பெனி வேறு, தூக்குவாளி அதேதான். மூடியில் ஊசிகள் இரண்டும் இருக்கின்றன.