சொன்னனான் அண்ணை

திருகோணமலையில் என்னை முதன்முதலாகச் "சாத்திரி" என்று சொன்னவர் லிங்கநகரில் வான் ஓட்டும் அருளம்பலம் அண்ணை. மூன்று வருடத்துக்கு முன், ஒரு செத்த வீட்டில், நாற்பது பேர் இருக்கத்தக்கதாக, "சசி வாகனம் திருத்திறவன் இல்ல. ஸ்கேனரைக் குத்திப்போட்டுச் சாத்திரம் சொல்லுறவன்," என்றார். பிரேதத்தின் பக்கத்தில் இருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணின் தாய், "சாத்திரி சசியோ?" என்று கேட்டார். அதை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

அதே அருளம்பலம்தான் போன மார்கழியில் தன் வான் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார். இறக்கக்கண்டியில் வெள்ளத்துக்குள் விட்டதில், எஞ்சினை ஆட்டிவைக்கும் கொம்பியூட்டர் பெட்டி தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. கொழும்பு முழுக்க அலைந்து பழைய பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். அந்த மொடலுக்கு வேறு கிடைக்கவில்லை. ஆனால் அது இன்னொரு வானில் இருந்த பெட்டி. பூட்டினால் மட்டும் எஞ்சின் எழும்பாது. இந்த வானின் இலக்கத்தையும், திறப்பின், அதாவது சாவியின், அடையாள இலக்கத்தையும் ஸ்கேனரால் அதற்குள் எழுதவேண்டும். இந்தப் பக்கத்தில் அதைச் செய்பவன் நான் ஒருவன்தான்.

"நாலு மணிக்குள்ள துறைமுகத்தடியில வானைக் காட்டோணும் தம்பி," என்றார். "வேலையாக்களை ஏத்தி இறக்கிற வேலை. இது தப்பினா இந்த வயசில எனக்கு ஆரும் வேலை தரமாட்டினம்."

"பயப்பிடாதேங்கோ அண்ணை. இருபது நிமிசம்."

எழுதி முடியும்வரை திறப்பு போட்டபடியே இருக்கவேண்டும்; எஞ்சின் ஓடக் கூடாது. நடுவில் திறப்பை நிறுத்தினால் பெட்டி பாதி எழுத்தோடு செத்துவிடும். பிறகு அதை எழுப்ப என்னிடம் வழியில்லை. அதனால் யார் வந்தாலும் வெளியே கதிரையில் இருத்தி, திறப்பைத் தொடக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

அருளம்பலத்தின் பழக்கம் ஊரிலுள்ள டிரைவர்மார் எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் ஓடாமல் திறப்பு போட்டிருந்தால் மனுசனுக்குப் பொறுக்காது. தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்கும் அடுத்தவனின் வாகனத்துக்குள்ளும் கையை விட்டு நிறுத்திவிட்டு, "பற்றரி போயிடுமடா," என்று ஏசுவார்.

அவரை டிரைவர் சீட்டிலேயே இருக்கவிட்டேன். திறப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேனரில் எழுத்து ஓடத் தொடங்கியதும், தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எதிர்க் கடைக்குப் போனேன். அங்கிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிடம் அவருடைய தோள் அசைந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தேன்.

"திறப்பைப் போட்டபடி விட்டிட்டுப் போயிட்டீங்கள் தம்பி," என்றார், நான் திரும்பி வந்ததும். "நல்ல காலம், நான் இருந்தனான். நிப்பாட்டிப்போட்டன்."

ஸ்கேனரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். திரை முழுக்கச் சிவப்பு.

"பெட்டி செத்துப்போச்சு அண்ணை. திறப்பைத் தொடாதேங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான் அல்லோ?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது.

"சொன்னனீங்களோ?"

"சொன்னனான் அண்ணை."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கனநேரம் யோசித்தார். "ஓம், சொல்லியிருப்பீங்கள்," என்றார் கடைசியில். "எனக்குத்தான் நினைவில்ல." பிறகு மனைவி சீதேவிக்குத் தொலைபேசி எடுத்து, "சசி சொன்னவன். நான்தான் மறந்துபோய்க் கெடுத்துப்போட்டன். என்ர தலைக்கு என்னமோ நடக்குது," என்றார். நாலு மணி ஆனபோதும் அந்தச் சீட்டிலேயே இருந்தார்.

வேலை வேறொருவருக்குப் போனது. மறதிக்காரன் சனத்தை ஏற்றக் கூடாது என்று அருளம்பலம் தானாகவே வானையும் விற்றார். எனக்கு அவ்வளவும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன கிழமை மீன் சந்தையில் எதிர்ப்பட்டார். வாங்கவேண்டியதைச் சீதேவி எழுதிக் கொடுத்த துண்டு கையில் இருந்தது. என்னைக் கண்டதும் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, நேற்றும் உங்களை இஞ்ச கண்டனானோ?"

நேற்று முழுக்க நான் தொலைவில், புல்மோட்டையில் நின்றேன்.

"ஓம் அண்ணை," என்றேன். "கனநேரம் கதைச்சனீங்கள்."