முகம் தெரிகிற படம்

என் தங்கைக்குப் புகைப்படப் பைத்தியம் பிடித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். நானும் சிரித்தேன். கைபேசியிலேயே நடக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். முதல் பாடமே, ஆளை நடுவில் நிறுத்தாதே என்பது. திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வரும். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஆள் நிற்க வேண்டுமாம். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் காலி இடம் விட வேண்டுமாம். காலி இடத்துக்கும் ஒரு வாத்தியார்.

பலிகடா அவள் வீட்டுக்காரர்தான். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுவிட்டு வரும் மனிதரை, கையில் இருக்கும் கிரீஸைக்கூடக் கழுவ விடாமல் ஜன்னலோரம் நிறுத்திவிடுவாள்.

"கேமராவப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் பாருங்க."

வாயில்லாப் பூச்சி, சொன்னபடி திரும்புவார். என்னிடம் மட்டும் முணுமுணுப்பார்: "அக்கா, இவ எடுக்கற படத்துல நான் எங்க இருக்கேன்னு நானே தேட வேண்டியிருக்கு."

"நேரா நிக்க வெச்சு எடுத்தா அது அடையாள அட்டைக்குத்தான் ஆகும்" என்பாள் அவள். முதுகு, நிழல், படிக்கட்டின் கோடியில் புள்ளியாக ஓர் உருவம். நேராக எடுத்த பழைய படங்களை, இடம் போதவில்லை என்று அழித்தும் விட்டாள். நாலு பாடம் படித்த திமிர்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. கைபேசி அணைந்து கிடந்தது. காவல் நிலையத்தில் எழுத்தர் முழங்கைத் தழும்பு வரை கேட்டுப் புகாரை எழுதிக்கொண்டு படம் கேட்டார். தங்கை கைபேசியை நீட்டினாள். அவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதுல ஆள் எங்கம்மா?"

"ஓரத்துல நிக்கறார் சார்."

"மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு குடும்மா."

இல்லை. அடையாள அட்டை அவர் பையோடு போயிருந்தது. கல்யாணப் படத்தில் இருந்தவர் வேறு ஆள்: ஒல்லியாக, மீசை இல்லாமல், தலை நிறைய முடியோடு. கம்பெனியிலும் அந்தப் பழைய முகம்தான் இருந்தது. வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன், கை எழவில்லை.

கடைசியில் ஜன்னலோரப் படம் ஒன்றை எடுத்தோம். பாதி முகத்தில் வெளிச்சம், மீதி கறுப்பு. வகுப்பில் எல்லாரும் பாராட்டிய படமாம். அதையே சுவரொட்டியாக அடித்து, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வாசல் என்று இருவரும் ஒட்டினோம். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இப்படி யாரும் வரலம்மா." உள்ளே விடவில்லை.

சனிக்கிழமை அதே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். காணாமல் போன அன்றே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நடைபாதையில் விழுந்திருக்கிறார். பையை எவனோ கொண்டுபோய்விட்டான். பெயர் தெரியாதவர் என்று எழுதிப் படுக்கையில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை விடிகாலையில் உயிர் போய்விட்டது. சடலத்தைப் பார்க்க வந்த காவலர்தான் முழங்கைத் தழும்பை எங்கள் புகாரோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்.

தங்கை நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வார்டு நர்ஸ் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். அழுதிருந்தது தெரிந்தது.

"தினம் அந்த வாசல் வழியாத்தாம்மா வரேன். போஸ்டர நின்னு படிச்சேன். யார் பெத்த புள்ளையோன்னு நெனச்சுட்டு மேல வந்து, இவருக்கு வாய் தொடச்சு விட்டேன். ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்குத் தெரியலயே. பேச்சுதாம்மா இல்ல, நெனவு இருந்துச்சு. கதவு தெறக்கறப்பெல்லாம் அங்கயே பாத்தாரு."

 பெஞ்சுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தம்மா என்னக்கா சொல்றாங்க?"

"கடைசி வரைக்கும் அவருக்கு நெனவே வரலயாம்" என்றேன்.