சென்சார் கைக்குப் பின்னால்

பஞ்சுக் குச்சி எதிலோ ஒட்டிக்கொண்டு இழுத்தது. டார்ச்சைத் திருப்பிப் பார்த்தாள். காந்தப்புலம் அளக்கும் சென்சாரைத் தாங்குகிற நீண்ட கை. அதைப் பூட்டிய இடத்துக்குப் பின்னால், மென்று துப்பிய சூயிங்கம். பல் தடம் அப்படியே இருந்தது. கூடவே ஒரு மீசை முடி.

முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நோண்டினாள்; பாதிதான் வந்தது.

இரும்பும் நிக்கலும் நிறைந்த ஒரு சிறுகோளைச் சுற்றிவரப் போகும் ஆளில்லா விண்கலம் அது. அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்துச் சோதிப்பதுதான் அவள் வேலை. கையைப் பூட்டியவர் தலைமை மெக்கானிக், அவளுடைய அக்கா புருஷன்.

உடை மாற்றும் அறையில் அவரைப் பிடித்தாள்.

"அத்தான், அது உங்களோடதா?"

அவர் கூச்சமே படவில்லை. "தூக்கமா வந்துச்சு, மென்னுட்டிருந்தேன். துப்பறதுக்காக வெளிய ஓட முடியுமா? முகமூடியைத் தூக்கி அங்க ஒட்டினேன், மறந்துட்டேன். எடுத்துட்டேல்ல?"

"பாதி இடுக்குல போயிடுச்சு. கையைக் கழட்டினாத்தான் வரும்."

"விட்டுத் தொலை. போறது இரும்புப் பாறைக்கு. அங்க யாரு உக்காந்து நம்ம எச்சியைப் பாக்கப் போறா?"

"வெற்றிடத்துல அது ஆவியாகி கேமரா கண்ணாடியில படியும் அத்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காவைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

சூயிங்கத்தைவிட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எச்சிலைத் துடைக்க அக்காவா கிடைத்தாள்?

ஆனாலும் படிவத்தில் 'அந்நியப் பொருள்: இல்லை' என்ற கட்டத்தில் பாதி டிக் போட்டுவிட்டாள். உடனே தன் விரலே பிசுபிசுப்பது போலிருந்தது. அதை அடித்துவிட்டு, நடந்ததை எழுதிக் கொடுத்தாள்.

கையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட நான்கு நாளானது. அத்தானைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அன்றைக்கே அக்கா போனில் வெடித்தாள்.

"ஒரு சூயிங்கத்துக்காகவாடி அவரு மானத்தை வாங்கின?"

"அதை நோண்டி எடுத்தது நான்க்கா. நீ பாக்கல."

எட்டு மாதம் அக்கா பேசவில்லை.

கலம் குறித்த நாளில் கிளம்பி, ஆறு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. குழி விழுந்த கரிய உலோகத் தரை திரையில் பளிச்சென்று தெரிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அத்தானும் கிடங்கிலிருந்து ஓடிவந்து அவள் தோளைத் தட்டினார்.

"பாத்தியா, படம் எப்படி இருக்கு! ஒண்ணும் ஆகல. சும்மா ஊரைக் கூட்டினியே!"

அவள் தோளைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் மறைக்காத இடமாகப் பார்த்துத் தள்ளி நின்று, அந்தத் தரையைப் பார்க்கத் தொடங்கினாள்.