சட்டைக்குள் அடித்த காற்று

இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை சுற்றிக் கட்டியிருந்தார்கள். உள்ளே விரல்கள் இருக்கின்றனவா என்று நெட்டையனுக்கே சந்தேகமாக இருந்தது. வலிக்கும் என்று டாக்டர் சொல்லி மூன்று நாள் ஆகிறது. வலிக்கவில்லை. எதுவுமே செய்யவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து ஊட்டினாள்.

"வாயை நல்லாத் தொறண்ணே. சட்டையெல்லாம் சிந்துது."

"நானே தின்னுக்குவேன், வை."

"எதை வச்சுத் தின்னுவ, காலை வச்சா?"

உள்ளே தீக்காய வார்டில் அவள் புருஷன் கிடந்தான். கழுத்து, முதுகு, நெஞ்சு எல்லாம் வெந்துபோயிருந்தது. தொண்டையில் குழாய் வைத்திருந்ததால் பேச முடியாது. பிழைத்துக்கொள்வான் என்று இன்று காலையில்தான் சொன்னார்கள்.

"நீ மட்டும் இல்லேன்னா கரிக்கட்டையாத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க" என்றாள் தங்கச்சி. "எரியிற சட்டையை வெறுங்கையால கிழிச்சுப் போட்டாராமே உங்க அண்ணன்னு நர்ஸம்மா அசந்து போயிட்டாங்க. இந்த ஜென்மத்துல உனக்கு நான் என்னத்தைச் செய்யப் போறேன்?"

அவன் பன்னை மென்றான். அதில் ருசி இல்லை.

பழைய பாய்லர்களையும் டேங்குகளையும் வெட்டி இரும்பாக விற்கிற பட்டறை அது. மாமன் மச்சான் இருவருக்கும் அங்கே டார்ச் பிடித்து வெட்டுகிற வேலை. டார்ச்சுக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ஹோஸ். ஒன்றில் எரிகிற கேஸ், இன்னொன்றில் ஆக்ஸிஜன். பட்டறையில் யாரும் ஆக்ஸிஜன் என்று சொல்வதில்லை. காத்து என்றுதான் பேச்சு. மத்தியானம் தகரக் கூரை காய்ந்து, வெட்டுகிற தகடும் காய்ந்து, ஆள் நடுவில் அவிந்துபோகும் நேரத்தில், கேஸை மூடிவிட்டு ஆக்ஸிஜனை மட்டும் திறந்து டார்ச் மூக்கைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார்கள். ஜில்லென்று இருக்கும். அதற்குக் காத்து வாங்குவது என்று பெயர். முதலாளி வீட்டு ஏசியைவிட நம்ம ஏசி ஒசத்தி என்று பெருமை வேறு.

அன்றைக்கு மாப்பிள்ளை முதுகு நனைய வந்து நின்றான்.

"மச்சான், கொஞ்சம் காத்து குடு."

"தங்கச்சியையே குடுத்தாச்சு. காத்து வேற குடுக்கணுமா உனக்கு?"

"உன் தங்கச்சி அனல் மச்சான். அதுக்குத்தானே காத்து கேக்குறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெட்டையன் அவன் காலரைப் பின்னால் இழுத்து டார்ச்சை உள்ளே விட்டு ஆக்ஸிஜன் பிடியை அழுத்தினான். சட்டை மூட்டையாக உப்பியது. மாப்பிள்ளை கைகளை விரித்துக்கொண்டு குண்டு முதலாளி மாதிரி நடந்து காட்டினான். பட்டறை முழுக்கச் சிரிப்பு. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தான்.

பிறகு மாப்பிள்ளை சாக்பீஸ் எடுக்க கிரைண்டர் மேடைப் பக்கம் போனான். கிரைண்டரிலிருந்து தெறிக்கிற பொறி எல்லோர் மேலும் தினமும் விழுவதுதான். தட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பொறி தோளில் விழுந்தது. சட்டை பற்றி எரிந்தது என்று சொல்ல முடியாது. சட்டை இருந்தது, அடுத்த கணம் சட்டை இருந்த இடத்தில் நெருப்பு இருந்தது.

சாயங்காலம் ஃபோர்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தங்கச்சி மருந்து வாங்கப் போகும்வரை பொறுத்திருந்து, பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு கேஸ் கம்பெனியிலேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. நீதான் பக்கத்துல இருந்தவன், உன்னைத்தான் கேப்பாரு. ஹோஸ் லீக் ஆச்சுன்னு சொல்லிடு."

"ஹோஸ் நல்லாத்தான் இருந்துச்சு."

"அது எனக்குத் தெரியாதா? சாவி பழைய ஹோஸைக் குடுத்துட்டான்னு முடிச்சுக்கலாம். அவன் ஒருத்தன் வீட்டுக்குப் போவான். தனிக்கட்டை, எங்க போனாலும் பொழைச்சுக்குவான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்மையைச் சொன்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. புருஷனைக் கொளுத்தினவன் நீன்னு உன் தங்கச்சிக்குத் தெரியணுமா?"

சாவி என்பது ஸ்டோர் பார்க்கிறவர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். இருபது வருஷமாக சிலிண்டரையும் ஹோஸையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற ஆள். ஃபோர்மேன் எழுந்துபோன பிறகும் நெட்டையன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. லீக் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் தங்கச்சி அவனுக்குத் தங்கச்சியாகவே இருப்பாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். அன்றைக்கு உபயோகித்த ஹோஸைத் தரையில் நீட்டி, முனையை அடைத்து, ஆக்ஸிஜனைத் திறந்து, சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே குனிந்தபடி நகர்ந்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. இணைப்புகளில் தடவினார். அங்கேயும் இல்லை.

"அன்னிக்கு லீக் இருந்திருக்கும் சார்" என்றார் ஃபோர்மேன்.

"அப்புறம் அதுவா தச்சுக்கிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. சாவி ஸ்டோர் வாசலில் நின்றிருந்தார். சாவிக்கொத்தை ஏற்கெனவே கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"புது ஹோஸ்தான் சார் குடுத்தேன். ரெண்டு மாசம் ஆகல" என்றார், யாரும் கேட்காமலே. அதை நம்பவைக்க வேண்டும் என்ற வேகம் அந்தக் குரலில் இல்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "லீக்னு எழுதினா ஹோஸை மாத்தச் சொல்லிட்டு நான் போயிடுவேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த ஆள் மேல யாராவது ஆக்ஸிஜன் அடிச்சீங்களா?"

பதினாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். கூரை சூடேற ஆரம்பித்திருந்தது. நெட்டையனுக்குப் பக்கத்தில் நின்றவன், தன்னையறியாமல், காலரை விரலால் இழுத்துவிட்டு வாயால் உள்ளே ஊதிக்கொண்டிருந்தான். நெட்டையன் அந்தக் காலரைப் பார்த்தான். மத்தியானம் இவன் டார்ச்சைத் தூக்குவான். இவன் இல்லையென்றால் அடுத்தவன்.

லீக் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"நான்தான் அடிச்சேன்."

சொன்னபோது பயமோ நிம்மதியோ ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"எவ்வளவு நேரம் அடிச்சீங்க?"

"இவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ஃபோர்மேன் காறித் துப்பிவிட்டு ஆபீசுக்குள் போனார். சாவி நெட்டையனைப் பார்க்கவில்லை, சாவிக்கொத்தையும் எடுக்கவில்லை.

வேறு யாராவது போனில் சொல்லி அவள் கேட்கக் கூடாது என்று பட்டறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். தங்கச்சி வராந்தாவில் புருஷனுடைய துண்டைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், கிண்டல் பேச்சு உட்பட. அனல் என்று புருஷன் சொன்னதைக் கேட்டபோது அவள் முகம் ஒரு தரம் இளகியது. அவ்வளவுதான்.

"அவரு கேட்டாரு" என்றாள்.

"கேட்டான்."

"கேட்டா குடுத்துடுவியா?"

அவள் கம்பியில் கிடந்த துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"அடிச்சா பத்திக்கும்னு உனக்குத் தெரியுமாண்ணே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மற்ற பதிமூன்று பேருக்கும் உண்மையிலேயே சரியாகத் தெரியாது. ஸ்டோர் கதவில் கேஸ் கம்பெனி ஒட்டிய காகிதம் இருக்கிறது. ஆக்ஸிஜனைக் காற்றாகப் பாவிக்காதே, துணிக்குள் தங்கிவிடும், தங்கிய துணியோடு பொறிப் பக்கம் போகாதே என்று வரிசையாகப் போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் என்று சாவி அவனைத்தான் கூப்பிட்டு எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொன்னார். யாருக்கும் விளங்காத வேகத்தில் கடகடவென்று படித்து முடித்துவிட்டு, அன்று மத்தியானமே எல்லோரோடும் சேர்ந்து காத்து வாங்கினான்.

"தெரியும்" என்றான். "தினமும் அடிப்போம். ஒண்ணும் ஆனதில்ல."

தங்கச்சி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தான். கத்துவாள் என்று நினைத்தான். பெஞ்சிலிருந்த தன் பையை எடுத்து, அதற்குள் அவனுடைய மாத்திரை அட்டையைத் தேடி, வெளியே எடுத்து, அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"ராத்திரிக்கு ரெண்டு மாத்திரை. யாரையாவது போட்டுவிடச் சொல்லு" என்றாள். "இங்க வராதே."

உள்ளே போனாள். வார்டுக் கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. அது வழியாகப் பார்த்தான். புருஷனின் கால்மாட்டில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு நர்ஸ் வந்து பாட்டில் மாற்றினாள். இன்னொரு நர்ஸ் வந்து போனாள். அவன் நகரவில்லை. தங்கச்சி திரும்பவும் இல்லை.

லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் படியில் இறங்கினான்.